இருபத்தைந்து படி ஏறி நின்றுவிட்ட எண்

3608528850368400786036725

இந்த எண்ணை ஒருமுறை வாய்விட்டு, இலக்கம் இலக்கமாக வாசித்துப் பாருங்கள். மூன்று, ஆறு, பூஜ்யம், எட்டு, ஐந்து... மொத்தம் 25 இலக்கங்கள். பெயர் சொல்ல வேண்டுமானால் மூவாயிரத்து அறுநூற்று எட்டு கோடி கோடி கோடி, சொச்சம். அந்தச் சொச்சமே 21 இலக்கம் வரும்.

மூன்று வாரமாக என் மேஜையில் ஒரு கட்டம்போட்ட நோட்டு கிடக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் இந்த எண்தான். நானும் மகளும் மாற்றி மாற்றி வகுத்து வைத்திருக்கிறோம். காரணம் இது: இதன் முதல் இரண்டு இலக்கங்களை மட்டும் எடுத்தால் 36, அது 2-ஆல் மீதியின்றி வகுபடும். முதல் மூன்று 360, அது 3-ஆல் வகுபடும். 3608 நான்கால், 36085 ஐந்தால், 360852 ஆறால். இப்படியே ஒவ்வோர் இலக்கமாகச் சேர்த்துக்கொண்டு போனால் முதல் 17 இலக்கங்கள் 17-ஆல், முதல் 23 இலக்கங்கள் 23-ஆல், கடைசியில் முழு எண்ணும் 25-ஆல் வகுபடும். ஓர் இடத்தில்கூடத் தவறாது.

இந்த மாதிரி எண்களை பாலிடிவிசிபிள் எண்கள் என்பார்கள். நாங்கள் வீட்டில் "படியேறும் எண்" என்று சொல்லிப் பழகிவிட்டோம், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். நாம் எழுதும் பத்தடிமான முறையில், அதாவது 0 முதல் 9 வரை பத்து இலக்கங்களை வைத்து எழுதும் முறையில், இதைவிட நீளமான படியேறும் எண் கிடையாது. 25 இலக்கத்தில் இது ஒன்றே ஒன்று. 26-ல் ஒன்றுமே இல்லை.

நான் கணக்கு எழுதும் வேலையில் இருக்கிறேன். நாள் முழுக்க எண்களோடுதான் இருப்பு. ஆனால் அவை எல்லாமே எதையோ சுட்டும் எண்கள்: வரவு, செலவு, பாக்கி. எதையும் சுட்டாமல் தான் மட்டும் நிற்கிற ஓர் எண்ணோடு இத்தனை நாள் உட்கார்ந்திருந்தது எனக்கு இதுவே முதல்முறை.

ஆரம்பித்தது மகள். ஆறாம் வகுப்பு. வகுபடும் தன்மை விதிகளைப் படித்துக்கொண்டிருந்தாள். இரட்டைப்படையில் முடிந்தால் 2, இலக்கங்களின் கூடுதல் 3-ன் மடங்கானால் 3, கடைசி இரண்டு இலக்கங்களைப் பார்த்தால் 4, கடைசி மூன்றைப் பார்த்தால் 8. "அம்மா, ஏழுக்கு மட்டும் ஏன் விதி போடல?" என்று கேட்டாள். ஏழுக்கும் விதி உண்டு, கொஞ்சம் சுற்றுவழி, அவ்வளவுதான். அதைச் சும்மா சொல்லிக் கொடுப்பதைவிட ஒரு புதிரோடு கொடுக்கலாம் என்று பட்டது. பழைய புதிர் ஒன்று எனக்குத் தெரியும்: 1 முதல் 9 வரை எல்லா இலக்கங்களையும் ஒவ்வொரு முறை மட்டும் பயன்படுத்தி ஒன்பது இலக்கப் படியேறும் எண் ஒன்று எழுது.

அதை அவள் போட்ட விதத்தை எழுதாமல் இருக்க முடியவில்லை. முதலில் ஐந்தாம் இடம்: அங்கே 0 அல்லது 5 வேண்டும், 0 கையில் இல்லை, ஆக 5. இரண்டு, நான்கு, ஆறு, எட்டு ஆகிய இடங்களுக்கு இரட்டைப்படை வேண்டும். இருப்பதே நான்கு இரட்டை இலக்கங்கள், அவை அங்கேயே தீர்ந்துவிடும். மற்ற இடங்களில் எல்லாம் ஒற்றைப்படை. மூன்றாம் இடம் ஒற்றைப்படை என்பதால் நான்காம் இடத்தில் 2 அல்லது 6 மட்டும்தான் நிற்க முடியும். 12, 16, 32, 36 எல்லாம் நான்கால் வகுபடும், 14-ம் 18-ம் படாது. இதே காரணத்தால் எட்டாம் இடத்துக்கும் 2 அல்லது 6.

அப்புறம் அவளாகவே ஒன்றைக் கண்டுபிடித்தாள். முதல் மூன்று இலக்கங்களின் கூடுதல் 3-ன் மடங்கு, முதல் ஆறின் கூடுதலும் 3-ன் மடங்கு என்றால், இடையில் இருக்கும் நான்கு, ஐந்து, ஆறாம் இலக்கங்களைக் கூட்டினாலும் 3-ன் மடங்குதானே வரவேண்டும்? நான்காம் இடம் 2 என்றால் ஆறாம் இடத்துக்கு 8 மட்டுமே பொருந்தும். 6 என்றால் 4. நடுப்பகுதி 258 அல்லது 654, வேறு வழியில்லை. எட்டின் விதியையும் மூன்றின் விதியையும் சேர்த்து மிச்ச இடங்களை நிரப்பினால் பத்து எண்கள் மிஞ்சின. ஒன்பதைப் பற்றிக் கவலையே வேண்டாம், 1 முதல் 9 வரை கூட்டினால் எப்படியும் 45. ஆக, பத்தில் எது என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியது அந்த ஏழு மட்டும்தான். பாடத்தில் விதி போடாமல் விட்ட அதே ஏழு.

அந்த விதி 1001-க்குள் இருக்கிறது. 7, 11, 13 மூன்றையும் பெருக்கினால் 1001. அதனால் ஓர் எண்ணை வலப்பக்கத்திலிருந்து மும்மூன்று இலக்கங்களாகப் பிரித்து, ஒன்றைக் கூட்டி அடுத்ததைக் கழித்து என்று மாற்றி மாற்றிப் போட்டால், வருகிற சின்ன எண் 7-ஆல் வகுபடுமானால் பெரிய எண்ணும் வகுபடும். 11-க்கும் 13-க்கும் இதே வழி. பத்து எண்களின் முதல் ஏழு இலக்கங்களையும் அவள் இப்படிச் சோதித்தாள். 3816547 என்பதில் 547-லிருந்து 816-ஐக் கழித்து 3-ஐக் கூட்டினால் −266. அது 7 × 38, கழித்தல் குறியோடு. மற்ற ஒன்பதும் விழுந்தன. 381654729 மட்டும் நின்றது.

சரி, முடிந்தது என்று எழுந்தேன். அவள் எழவில்லை. "ஒன்பதோட ஏம்மா நிறுத்தணும்? பத்து, பதினொண்ணுன்னு போய்ட்டே இருந்தா?"

போய்ப் பார்த்தோம். பத்தாம் இடத்துக்கு 0, வேறு எதுவும் வராது. பதினொன்றாம் இடத்தில் 6 மட்டும் பொருந்தியது. பன்னிரண்டில் 0. பதின்மூன்றில் 8. ஒவ்வொரு படியிலும் ஒரே ஒரு இலக்கம்தான் ஒத்து வந்தது, ஆனால் வந்தது. 3816547290608 வரை ஏறிவிட்டோம். பதினான்கில் வழி அடைந்துவிட்டது. 14-ஆல் வகுபட வேண்டுமானால் 7-ஆலும் வகுபட வேண்டும், 2-ஆலும் வகுபட வேண்டும். 7 கேட்ட இலக்கம் 5. 2 கேட்டது இரட்டைப்படை. இரண்டையும் ஒரே இலக்கத்தால் திருப்திப்படுத்த முடியாது.

மகளுக்கு அது உண்மையாகவே வருத்தமாக இருந்தது. எனக்கும்தான். இவ்வளவு அழகாக ஏறி வந்த ஓர் எண் 14-ல் போய் நிற்கும் என்று தோன்றவேயில்லை. அன்றைக்கு ராத்திரிதான் கேள்வி எனக்குள் உட்கார்ந்தது: ஒன்பது இலக்கமும் வேறு வேறாக இருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை விட்டுவிட்டால், எந்த எண் எல்லாரையும்விட உயரம் ஏறும்?

தம்பி நிரல் எழுதுகிறவன். அவனிடம் சொன்னதும் பத்துப் பன்னிரண்டு வரியில் ஒரு பைத்தான் நிரல் எழுதி அனுப்பினான். வேலை எளிது: ஓர் இலக்க எண்கள் ஒன்பதையும் எடுத்துக்கொள், ஒவ்வொன்றின் பின்னாலும் 0 முதல் 9 வரை ஒட்டிப் பார், வகுபடுவதை வைத்துக்கொள், மற்றதை விடு, அடுத்த படிக்குப் போ. கண்ணிமைப்பதற்குள் ஓடி முடிந்து, கடைசி வரியில் இந்த 25 இலக்க எண்ணை அச்சிட்டுவிட்டு நின்றது.

அதை நம்பாமல் இல்லை. இருந்தாலும் கணக்கு எழுதுகிறவளுக்கு இன்னொருமுறை சரிபார்க்காமல் தூக்கம் வராது. என் வழக்கப்படி விரிதாளில் தட்டினேன். 3.60853E+24 என்று சுருக்கிக் காட்டியது. கட்டத்தை அகலமாக்கி முழு எண்ணாகக் காட்டச் சொன்னால் 3608528850368400000000000 என்று வந்தது. கடைசி ஒன்பது இலக்கங்களும் போய் அங்கே பூஜ்யம். விரிதாள்கள் பொதுவாக 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும், அதற்குமேல் இருப்பது காணாமல் போகும். கணினியில் சாதாரணமாக முழு எண்ணுக்கு ஒதுக்கும் 64 பிட் இடத்திலும் இது அடங்காது. அதில் கொள்ளும் மிகப் பெரிய எண் 18446744073709551615, இருபதே இலக்கம். பைத்தானில் முழு எண்ணுக்கு இந்த வரம்பு கிடையாது, அதனால்தான் தம்பியின் நிரல் பிழைத்தது. என்னிடம் இருந்தது பென்சில்தான்.

கையால் சரிபார்க்க முடியும் என்பதுதான் இந்த எண்ணின் பெரிய குணம் என்று எனக்குப் படுகிறது. பெரிய எண்களைப் பற்றி வரும் செய்திகள் பெரும்பாலும் நம்மை வெளியே நிறுத்திவிடும். கோடிக்கணக்கான இலக்கம் உள்ள பகா எண் ஒன்று கண்டுபிடித்தார்கள் என்றால் நான் அதை நம்பலாம், தொட முடியாது. இதை ஆறாம் வகுப்புப் பாடத்தை வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முழுசாகத் தொட்டுப் பார்த்துவிடலாம்.

பத்து வரைக்கும் பேச்சே இல்லை, நிமிஷத்தில் முடிந்தது. 3608528 மட்டும் ஏழால் நேராக வகுத்தோம், 515504. பதினொன்றுக்கு இலக்கங்களை மாற்றி மாற்றிக் கூட்டிக் கழித்தால் சரியாக 0 வந்தது. பன்னிரண்டுக்கு 3-ம் 4-ம் போதும். பதின்மூன்றுக்கு மறுபடியும் 1001: 368-லிருந்து 850-ஐக் கழித்து, 528-ஐக் கூட்டி, 608-ஐக் கழித்து, 3-ஐக் கூட்டினால் −559, அதாவது 13 × 43. பதினான்கில் அதே கணக்கு 420 தந்தது. மகளின் எண் உயிர்விட்ட இடம் அது. இங்கே 7-ம் 2-ம் சேர்ந்து 4-ஐக் கேட்டன, 4 கிடைத்தது. பதினாறுக்குக் கடைசி நான்கு இலக்கங்கள் 8400, அது 16 × 525.

பதினேழுக்குக் குறுக்குவழி எதுவும் எடுக்கவில்லை. இடமிருந்து வலமாக நடந்தோம். கையில் இருக்கும் மீதியைப் பத்தால் பெருக்கு, அடுத்த இலக்கத்தைக் கூட்டு, 17-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள், மறுபடியும் அதே. எண் எவ்வளவு நீளமாக இருந்தாலும் கையில் ஒருபோதும் 16-க்கு மேல் இருக்காது. நீள வகுத்தலில் ஈவை எழுதாமல் விட்டால் மிஞ்சுவது இதுதான். நான் போட்டேன், மீதி 6 வந்தது.

திரும்ப எண்ணைப் பார்த்தேன். பிரதி எடுத்ததில் தப்போ என்று தம்பி அனுப்பியதோடு ஒப்பிட்டேன். எண் சரி. அன்று அதற்குமேல் ஓடவில்லை, மூடி வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் மகள்தான் கண்டுபிடித்தாள்: ஆறாவது இலக்கத்தில் 112-லிருந்து 102 போக 12 என்று எழுதியிருக்கிறேன். 10 வரவேண்டும். அந்த ஒரு இடத்தில் 2 கூடியது பதினோரு இலக்கம் தாண்டி வந்து கடைசியில் 6-ஆக நின்றிருக்கிறது. திருத்திக்கொண்டு போனால் எட்டாவது இலக்கத்திலேயே மீதி ஒருமுறை 0 ஆகிறது, அதாவது 36085288 என்பது 8-ஆல் மட்டுமல்லாமல் 17-ஆலும் வகுபடுகிறது. அது யாரும் கேட்காமலே வந்தது. பதினாறு இலக்கம் முடிந்தபோது கையில் 1 இருந்தது. அடுத்த இலக்கம் 7. சேர்த்தால் பதினேழு! அந்த இடத்தில் மகள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினாள்.

பத்தொன்பதில் கடைசியாகக் கையில் 7, வந்த இலக்கம் 6. எழுபத்தாறு என்பது 19 × 4. இருபத்துமூன்றில் கையில் 20, வந்தது 7. இருநூற்றேழு, 23 × 9. மற்றவை எல்லாம் எளிய விதிகளுக்குள் அடங்கின. இருபத்தொன்றுக்கு 1001 வழியில் 1722 வந்தது, 7 × 246. இருபத்துநான்குக்குக் கடைசி மூன்று இலக்கங்கள் 672, எட்டால் வகுத்தால் 84. இலக்கங்களின் கூடுதல் 105, மூன்றால் வகுபடும். இருபத்தைந்துக்குக் கடைசியில் 25 என்றே எழுதியிருக்கிறது, பார்த்தாலே போதும்.

சரிபார்த்தது ஒரு சந்தோஷம். ஏன் 25-ல் நிற்கிறது என்பது அதைவிடப் பெரிய சந்தோஷமாக இருந்தது.

தம்பியின் நிரல் ஒவ்வொரு படியிலும் எத்தனை எண்கள் மிஞ்சின என்றும் அச்சிட்டிருந்தது. ஓர் இலக்கத்தில் 9, இரண்டில் 45, மூன்றில் 150, நான்கில் 375, ஐந்தில் 750, ஆறில் 1200. அப்புறம் 1713, 2227, ஒன்பதில் 2492. பத்து வரைக்கும் எந்தக் கிளையும் சாகாது. காரணம் எளிது: ஓர் எண்ணின் பின்னால் 0 முதல் 9 வரை ஒட்டினால் அடுத்தடுத்த பத்து எண்கள் கிடைக்கின்றன, அடுத்தடுத்த பத்து எண்களில் 7-ன் மடங்கோ 8-ன் மடங்கோ 9-ன் மடங்கோ கட்டாயம் ஒன்றாவது இருக்கும். பத்தாம் இலக்கத்திலும் அதே 2492 தான். பத்தின் மடங்காக்க 0-ஐ ஒட்டுவது ஒன்றே வழி, ஒவ்வோர் எண்ணுக்கும் வாரிசு சரியாக ஒன்று.

பதினொன்றில் நிலைமை மாறுகிறது. பத்து இலக்கங்கள்தான் கையில், ஆனால் மீதியாக வரக்கூடியவை பதினொன்று. ஏதாவது ஒரு மீதிக்குப் பதில் சொல்ல இலக்கம் இல்லாமல் போகும். அங்கிருந்து இறங்குமுகம்: 2225, 2041, 1575, 1132, 770, 571, 335, 180, 90. இருபதில் 44, இருபத்தொன்றில் 18, அப்புறம் 12, 6, 3, 1. எல்லாப் படிகளையும் சேர்த்தால் மொத்தமே 20,456 எண்கள். கையால் கூட்டியும் பார்த்தேன், தொழில் பழக்கம்.

இந்த ஏற்ற இறக்கத்தை நிரல் இல்லாமலே கணிக்கலாம் என்பது எனக்கு ரொம்பப் பிடித்தது. 14-ஆம் படிக்கு ஏறும்போது வாய்ப்பு சுமார் 14-ல் 10, 20-ஆம் படிக்கு 20-ல் 10 என்று வைத்துக்கொண்டு, ஆரம்பத்து ஒன்பதிலிருந்து பெருக்கிக்கொண்டே போனால் போதும். பத்தாம் படிக்கு இந்தக் கணிப்பு சொல்வது 2480, உண்மை 2492. இருபதாம் படிக்கு 37, உண்மை 44. எல்லாப் படிகளையும் கூட்டினால் 2.718 என்று தொடங்கும் ஆய்லரின் எண் வந்து உட்கார்ந்துகொள்கிறது: அதையே பத்து முறை எழுதி ஒன்றோடொன்று பெருக்கி, ஒன்றைக் கழித்து, பத்தில் ஒன்பது பங்கு எடுத்தால் சுமார் 19,823. உண்மையான 20,456-க்கு எவ்வளவு பக்கம் பாருங்கள். வகுத்தலும் மீதியும் மட்டுமே இருக்கும் இடத்துக்குள் அந்த எண் எப்படி நுழைந்தது என்று அன்றைக்கு முழுக்க நினைத்துக்கொண்டே இருந்தேன்.

இந்தக் கணிப்பு 25-ஆம் படிக்குச் சொல்வது 0.58. ஒன்று இருந்தால் இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்கிற நிலை. ஆக, நம் எண் நூலிழையில் பிழைத்தது. எப்படிப் பிழைத்தது என்பதைக் கண்ணால் பார்க்கவே முடியும். 24-ஆம் படியில் மிஞ்சியவை மூன்று:

144408645048225636603816
360852885036840078603672
402852168072900828009216

25-ஆல் வகுபடும் எண்கள் 00, 25, 50, 75 என்றுதான் முடியும். முடிவில் இருக்கும் இரண்டில் முதல் இலக்கம் 24-ஆம் இடத்து இலக்கம், அது இரட்டைப்படையாக இருந்தே தீரவேண்டும். ஆகவே 5-ம் 7-ம் கிடையாது, 0 அல்லது 2 மட்டும்தான். மூன்று எண்களின் கடைசி இலக்கங்களைப் பாருங்கள்: 6, 2, 6. முதலாவதும் மூன்றாவதும் அந்த 6-ஆல் நின்றுபோகின்றன. நடுவில் இருப்பது மட்டும் ஒரு 5-ஐ வாங்கிக்கொண்டு மேலே ஏறுகிறது.

மற்ற இரண்டையும் நாங்கள் கையால் வகுத்தோம். ஒரு படி குறைந்துபோன எண்கள் என்பதற்காக அவற்றைப் பார்க்காமல் விட மனசு வரவில்லை. 144408645048225636603816-ல் நான்கே இலக்கத்தில், 1444-லேயே, 19-ன் மடங்கு வந்துவிடுகிறது. 402852168072900828009216-ல் 17-க்கான நடை 102-ல் முடிகிறது.

இலக்கங்களை வைத்து வரும் இந்த மாதிரி குணங்களை ஆழமில்லாதவை என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. பகா எண்ணாக இருப்பது எந்த அடிமானத்தில் எழுதினாலும் மாறாது. படியேறுவது பத்தடிமானத்தில் எழுதினால்தான் வரும், எண்ணின் குணம் பாதி, எழுத்தின் குணம் பாதி என்பார்கள். அது சரிதான், மறுக்கவில்லை. ஆனால் எழுதிய வடிவத்தில்தான் நான் எண்களோடு பழகியிருக்கிறேன். இடமதிப்பு என்கிற ஏற்பாடு எவ்வளவு நுட்பமானது என்று 17-க்காக ஒவ்வோர் இலக்கமாக நடந்தபோதுதான் கைக்குத் தெரிந்தது. மீதியைப் பத்தால் பெருக்கி அடுத்ததைக் கூட்டு என்ற அந்த ஒரே அசைவுதான் எண்ணை எழுதும் முறையும், வகுக்கும் முறையும், இந்த எண்ணை வளர்த்த முறையும்.

கடைசியாக 26. இல்லை என்று தெரிந்தும் போட்டுப் பார்த்தோம். முழு எண்ணை 26-ஆல் வகுத்தால் மீதி 9. பத்தால் பெருக்கினால் 90, அதில் 78 போக 12. 26 ஆக இன்னும் 14 வேண்டும். அந்த இடத்தில் ஒட்ட வேண்டிய இலக்கம் 14. நம்மிடம் இருப்பதோ 9 வரைக்கும்.

"பதினாலுக்கு ஓர் இலக்கம் இருந்தா போயிருக்கும்ல?" என்றாள் மகள். அப்படி ஓர் இலக்கம் இருக்க வேண்டுமானால் அடிமானமே பதினைந்தோ அதற்கு மேலோ ஆகிவிடும், இடமதிப்புகள் எல்லாம் மாறிவிடும், இந்த எண் இந்த எண்ணாகவே இருக்காது என்று சொன்னேன். பெரிய அடிமானம் கைக்கு அடங்காது, சின்னதாகப் பார்க்கலாமா என்று கேட்டாள். அதை நாங்கள் தனியாகவே செய்தோம், தம்பியைக் கூப்பிடவில்லை.

இரண்டடிமானம், அதாவது 0, 1 மட்டும் வைத்து இடத்துக்கு இடம் மதிப்பு இரட்டிக்கும் முறை, உடனே முடிந்தது. முதல் இலக்கம் 1, அதன் பின்னால் 0 போட்டால் எண் 2, இரண்டால் வகுபடும். மூன்றாம் படியில் கிடைப்பவை 4, 5 இரண்டு மட்டும், இரண்டுமே 3-ஆல் வகுபடாது. அங்கேயே நின்றது.

மூன்றடிமானத்துக்கு ஒரு பக்கம் போதுமானதாக இருந்தது. இலக்கங்கள் 0, 1, 2 மட்டும். முழு மரத்தையும் வரைந்துவிட்டோம்: முதல் படியில் 2 எண்கள், அப்புறம் 3, 3, 3, 2, 2. ஆறாம் படியில் மிஞ்சிய இரண்டு 110020, 200220. நம் முறையில் சொன்னால் 330, 510. ஏழாம் படிக்கு ஒவ்வொன்றையும் மூன்றால் பெருக்கி, 7-ன் மடங்காக்க என்ன ஒட்ட வேண்டும் என்று பார்த்தோம். முதலாவதற்கு 990, அது 4 கேட்டது. இரண்டாவதற்கு 1530. மகள் வகுத்து, மீதி 4 என்று எழுதி, பக்கத்தில் தேவையான இலக்கத்தை எழுதினாள்: 3. மூன்றடிமானத்தில் இல்லாத முதல் இலக்கம்.